பக்கத்து சீட்டுக்காரர் வேலை

வண்டி வேகம் குறைகிறதென்றால் வேலிக் கேட்டு ஒன்று வருகிறதென்று அர்த்தம், அது இப்போது நாச்சிமுத்துவின் முதுகுக்கே தெரிந்துவிட்டது, கண் பார்ப்பதற்கு முன்னாலேயே கை கதவுப் பிடிக்குப் போய்விடுகிறது. இங்கே அதுதான் வழக்கம். ஓட்டுகிறவர் இறங்க மாட்டார். பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்திருந்தாலும், மந்திரியே ஆனாலும் சரி, புது மாப்பிள்ளையே ஆனாலும் சரி, இறங்கிப் போய்க் கேட்டைத் திறந்து, வண்டியை விட்டு, திரும்ப வந்து ஏறிக்கொள்ள வேண்டும். விருந்தாளி என்று சலுகையெல்லாம் கிடையாது. அதில் அவருக்கு வருத்தமும் கிடையாது. பொழுது விடிந்து கிளம்பினால் பொழுது சாயும் வரைக்கும் வேலியே முடியாத, கடல் தாண்டிய இந்த மாட்டுப் பண்ணையில், அவர் கையால் ஆகிற காரியம் என்று இருப்பது இது ஒன்றுதான். இறங்கினார். வெயில் நெற்றிப்பொட்டில் அறைந்தது. சங்கிலி அடுப்பில் கிடந்த கரண்டி மாதிரி சுட்டது, தோளில் கிடந்த துண்டால் பிடித்துக் கழற்றினார். வண்டி உள்ளே போனது, சிவப்புப் புழுதி அவர் வேட்டிக்கு மேல் இன்னொரு வேட்டி கட்டிவிட்டது. சாத்தியிருந்த கேட்டு, அதனால் சாத்தினார். ஏறி உட்கார்ந்ததும் "தேங்க்ஸ்" என்றார் வாரன். பண்ணைக்காரர், எழுபதை நெருங்குகிறவர், ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு தேங்க்ஸ், சலிக்கவே சலிக்காது அந்த மனுசனுக்கு. பின்னால் தண்ணிக் கேன் ஒன்று உருண்டு இந்தப் பக்கம் ஒரு இடி, அந்தப் பக்கம் ஒரு இடி இடித்துக்கொண்டே வந்தது. எடுத்துக்கிட்டுப் போறேன், ஒரு இடி. இருக்கட்டும், இன்னொரு இடி. மத்தியானம் தபால் பிளேன் வந்துவிடும், அதில் அவர் ஏறிவிடுவார், அதற்குள் இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "நீங்க எதைச் சொன்னாலும் செஞ்சு குடுக்கறேனுங்க, தோண்டி எடுத்து, பெட்டியில வெச்சு, உங்க ஊருக்கே வந்து சேர்ற மாதிரி பண்றது எம்பொறுப்பு" என்று நேற்று சாப்பாட்டு மேசையில் வாரன் சொன்னார். சொன்னது இங்கிலீஷில்தான். ஆனால் பாதியை மென்று பாதியை மூக்கில் விடுகிற அந்த இங்கிலீஷ், நாச்சிமுத்துவின் காதுக்குள் வந்து சேருகிறபோது எப்படியோ ஒரு காங்கயத்துக்காரர் பேச்சாகத்தான் வந்து விழுகிறது.

தோண்டி எடுப்பது தரணியை. தரணிதரனை. அவர் மகனை. வேறு பிள்ளை இல்லை. இதே பண்ணையில், போன மழைக்காலம் முடிகிற சமயம், மாடு திருப்பப் போனவன் மோட்டார் சைக்கிளோடு விழுந்து செத்துப் போனான். ஊரில் அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தாராபுரம் பக்கம் ஒரு இடம் கூடிவருகிற மாதிரி இருந்தது, பெண்ணின் போட்டோவை அனுப்பினால் "என்னுங்ப்பா, இந்தப் புள்ளைக்கு மாட்டுச் சாணி நாத்தம் புடிக்குமான்னு கேட்டீங்களா" என்று சிரிக்கிறான். கேட்கிறேண்டா, கேட்டுச் சொல்றேன். நாச்சிமுத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கொழுக்கட்டைப் புல். பொன் நிறத்தில் காய்ந்து, கண்ணுக்கு எட்டிய மட்டும். வந்த புதிதில் தரணி போன் பண்ணி முதலில் சொன்ன சேதியே அதுதான், சாப்பாடு எப்படி, படுக்க இடம் எப்படி என்று அவன் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள், இவன் "அப்பா, இங்கயும் நம்ம கொறங்காட்டுப் புல்லுதானுங்ப்பா, அதே கொழுக்கட்டைப் புல்லு, மாட்டுக்குத் திமில் கூட இருக்குது" என்கிறான். கொறங்காடு என்றால் கிளுவை வேலி போட்டு அடைத்த மேய்ச்சல் காடு, நாச்சிமுத்து பிறந்ததும் வளர்ந்ததும் அதற்குள்தான், அங்கே ஒரு காட்டுக்குள் நுழைகிற வாசலான கடவில் நின்று கூப்பிட்டால் அடுத்த கடவுக்குக் கேட்கும். இங்கே கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும். "மாடு மேய்க்கறதுக்கு எதுக்குங்க பிளேன் ஏறோணும், நம்மூர்ல இல்லாத மாடா" என்று டீக்கடையில் கேட்டவனுக்கு, "நீ மேய்க்கறது நாலு மாடு, எம்பையன் மேய்க்கறது ஒரு தாலூக்காவே" என்று மீசையைத் தடவிச் சொன்னவர்தான் இவர். அந்த மீசையை இப்போது தொடவே கை போவதில்லை. மாடுகள் வண்டியைப் பார்த்து நின்றன. காதுதான் தொங்கல், மற்றபடி அலைதாடி, திமில், சாம்பல் நிறம், அட ஆண்டவா, காங்கயத்துப் பசு ஒன்று வழி தப்பி இங்கே வந்து நிற்கிற மாதிரியே ஒன்று. நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டார், வாய்க்குள்ளேயே. அது தலையைத் தூக்கியது.

புற்று. இடது பக்கம் ஒன்று, இதோ இன்னொன்று, புல்லுக்குள்ளே இடுப்பு உயரத்துக்கு, சில ஆள் உயரத்துக்கு, பார்க்கக் கூடாது என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைக்கிறார், கண் கேட்கிறதா பாவி. கறையான் புற்றில்தான் மோதினான். புல் வளர்ந்து மூடியிருந்தது, சின்னதாம், முழங்கால் உயரம்தானாம். ஊரில் கொறங்காட்டு மூலையில் இருக்கிற புற்றுக்கு அவன் அம்மா துளசிமணி வெள்ளி தவறாமல் பாலும் முட்டையும் வைப்பாள், எம்பையனைக் காப்பாத்து சாமி, கடல் தாண்டிப் போயிருக்கான், காப்பாத்து. அந்தச் சாமிக்கும் இந்தப் புற்றுக்கும் பேச்சு வார்த்தை இல்லை போலிருக்கிறது. எது? இதுவா? அந்த ஒற்றை மரத்தடியில் நிற்கிறதே, அதுவா? கேட்டால் வாரன் சொல்லிவிடுவார், அதனாலேயே கேட்கவில்லை. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறார். தரணியைப் புதைத்த மேட்டுக்குப் போக நேர் பாதை ஒன்று இருக்கிறது, வாரன் அதில் போவதே இல்லை, ஓடைக்கரை சுற்றித்தான் போகிறார், அதில் கேட்டு அதிகம், நேரமும் அதிகம். இன்றைக்கும் வண்டி ஓடைக்கரைப் பக்கம் திரும்பியது. ஏனோ இன்றைக்கு வாய் தானாகத் திறந்துவிட்டது. "அந்த வழியிலதான் அந்தப் புத்து இருக்குதுங்களா?" என்றார், தெரிந்த இங்கிலீஷைப் பொறுக்கிக் கோர்த்து. வாரன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப இல்லீங்க" என்றார். "மறுநாளே டிராக்டரைக் கொண்டுபோய் இடிச்சுப் போட்டேன். சுத்திலும் இருந்ததையும் இடிச்சேன். அப்புறமும் அந்த வழியில போக முடியலீங்க." நாச்சிமுத்துவுக்கு அந்த வெள்ளைக்காரரின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. புற்று என்ன பண்ணும், அது பாட்டுக்கு அது நின்றுகொண்டிருந்தது என்றும் தோன்றியது.

அடுத்த கேட்டு திறந்து கிடந்தது. வாரன் வேகத்தைக் குறைக்காமலே உள்ளே ஓட்டிப் போனார், நாச்சிமுத்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், இந்தக் கேட்டைப் பார்த்தால் அவருக்கு இன்னமும் உடம்பு கூசும். வந்த புதிதில், மேசையில் மாட்டுக்கறி வைத்துவிட்டு, "அய்யய்யோ, உங்களுக்கு ஆகாதுங்களே" என்று வாரன் தானே எழுந்து முட்டை பொரித்துக் கொடுத்த மறுநாள், சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்று வெட்கப்பட்டு, வாரனோடு இங்கே வந்தவர், அவர் மோட்டார் ரிப்பேர் பார்க்கிற நேரத்தில் காலாற நடந்தார். பார்த்தால் கேட்டு ஆவென்று திறந்து கிடக்கிறது. எந்த முட்டாள் திறந்து போட்டுவிட்டுப் போனான்? கொறங்காட்டில் படலைத் திறந்து போட்டுவிட்டு வந்தவனுக்குச் சோறு கிடையாது, மாடு வெளியே போனால் யார் வெள்ளாமையில் வாய் வைக்குமோ, எந்தக் கிணற்றில் விழுமோ. கை சும்மா இருக்குமா? சாத்தினார், சங்கிலி போட்டார், போட்டதோடு விட்டாரா, கம்பி ஒன்றைத் தேடி எடுத்து நறுக்கென்று முறுக்கியும் கட்டினார். யாரிடமும் சொல்லவில்லை, இதையெல்லாமா சொல்லிக்கொண்டிருப்பார்கள். தண்ணித் தொட்டி அந்தப் பக்கம். மாடு அத்தனையும் இந்தப் பக்கம். திறந்து கிடப்பதற்கும் இந்த ஊரில் காரணம் உண்டு, எந்தக் கேட்டையும் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது இவர்களுக்கு வேதம் மாதிரி, அதை அவருக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வாரன் கண்டுபிடித்தபோது மாடெல்லாம் கேட்டில் நெஞ்சை வைத்துக் கத்திக்கொண்டிருந்தன, ஒரு கன்று காலடியில் செத்துக் கிடந்தது. மாட்டை வைத்துப் பிழைத்த குடும்பம், தாகத்துக்குத் தவித்த கன்றைக் கொன்றுவிட்டு நின்றார், பையனைப் பறிகொடுத்தது போதாதென்று இந்தப் பாவமும் என் கணக்கில் எழுதணுமா என்று நின்றார். வாரன் கம்பி முறுக்கியிருந்த விதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் என்றுதான் நாச்சிமுத்து நினைத்தார். அப்புறம் அந்த மனுசன் தொப்பியைக் கழற்றினார். "டார்னியும் வந்த புதுசுல இதே கேட்டைத்தானுங்க சாத்தினான். இதே மாதிரி கம்பியைப் போட்டு, இதே முறுக்கு." தரணி என்று அவர்கள் வாயில் வராது, டார்னிதான். "அன்னிக்கு அவனை நான் பேசாத பேச்சுப் பேசிட்டேனுங்க. ஒரு நாள் பூராவும் திட்டினேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே நின்னான். எங்கப்பா பழக்கம்னு சொன்னான்." எங்கப்பா பழக்கம். நாச்சிமுத்து அன்றைக்குத்தான் கண்டுகொண்டார், மகன் மண்ணுக்குள் இருக்கிறான், அவன் கை இந்தக் கைக்குள் இருக்கிறது, அல்லது இந்தக் கைதான் அவனிடம் இருந்ததா, எது எங்கே இருக்கிறதென்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. விரல்களை மடக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

கேன் உருண்டது. எடுத்துக்கிட்டுப் போறேன். இருக்கட்டும். எடுத்துக்கொண்டு போகாவிட்டால் துளசிமணி இனி இந்த ஜென்மத்தில் அவர் முகத்தைப் பார்த்துப் பேசப் போவதில்லை. கிளம்புகிறபோது வாசலுக்குக் கூட வரவில்லை, உள்ளே இருந்தே சொன்னாள், "எம்பையனைக் கூட்டிக்கிட்டு வர்றதுன்னா வாங்க. இல்லீன்னா அங்கயே இருந்துக்கங்க." எடுத்துக்கொண்டு வா என்று சொல்லவில்லை பாருங்கள், கூட்டிக்கொண்டு வா என்றாள். சேதி வந்த நாளிலிருந்து கடவுப் படலைச் சாத்தவே விடுவதில்லை அவள். வர்றவன் சாத்தியிருக்குதுன்னு திரும்பிப் போயிருவான், சாத்தாதீங்க. கிடேரி ஒன்று வெளியே போய்ப் பக்கத்துக் காட்டுச் சோளத்தில் விழுந்து சண்டையாகிவிட்டது, அப்படியும் சாத்த விடவில்லை. அவள் கண் அசந்த நேரம் பார்த்து இவர் போய்ச் சாத்துவார், கோழி கூப்பிடுகிறபோது பார்த்தால் மறுபடி திறந்திருக்கும். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவளுக்கு அவர் மேல் என்ன கோபம்? போனில் சொன்னாரே அதுதான். அங்கேயே அடக்கம் பண்ணிருங்க. நடுவீட்டில் பெண்கள் கூடி அழுதுகொண்டிருக்கிறார்கள், அவர் மாட்டுக் கொட்டத்தில் நின்று காதை ஒரு கையால் பொத்திக்கொண்டு பேசுகிறார், இங்கத்துப் பட்டணத்திலிருந்து ஒரு தமிழ்க்காரர் கூப்பிட்டிருந்தார், நல்ல மனுசன், சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "உடம்பை அனுப்பலாமுங்க. ஆனா பெட்டியைத் தெறக்கற மாதிரி இல்லீங்க. முகம்... பாக்கற மாதிரி இல்லீங்க. அம்மா இருக்காங்களா பக்கத்துல?" இல்லை என்றார். அப்போதே சொல்லிவிட்டார், யோசிக்கவே இல்லை, அங்கேயே பண்ணிருங்க. துளசிமணியைத் தெரியாதா அவருக்கு? ஆயிரம் பேர் தடுத்தாலும் பெட்டியை உடைத்துப் பார்ப்பாள். பார்த்தால் அந்த முகம்தான் அவளுக்கு மிஞ்சும், பல்லு முளைத்த முகம், மொட்டை போட்டு முறைத்த முகம், பிளேன் ஏறுகிறபோது எச்சில் விழுங்கிக்கொண்டு சிரித்த முகம், அத்தனையும் அழிந்து அது ஒன்றுதான் நிற்கும். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? இதனால்தான் வேண்டாம் என்றேன் என்று சொல்லிவிட்டால், சொன்ன அந்த நிமிஷத்திலேயே அவள் பார்த்துவிடுவாளே, பெட்டியே வேண்டாமே. அதனால் கல் மனசுக்காரன் என்றாள், வாங்கிக்கொண்டார். செலவுக்கு அஞ்சிட்டான் என்று சொந்தக்காரன் பேசினான், வாங்கிக்கொண்டார். இன்றைக்கும் நிலைமை அதுதானே. எலும்பாகக் கொண்டுபோனாலும் திறப்பாள். போனில் சொன்ன அந்தத் தமிழ்க்காரரை விட்டால், அந்த முகத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான், ஒருவர் இவர், இன்னொருவர் அவனைப் புல்லுக்குள்ளிருந்து தூக்கி மடியில் போட்டு வீடு கொண்டுவந்து சேர்த்த வாரன். எப்படீங்க இருந்தது அவன் முகம் என்று இவர் வாரனைக் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து முட்டையும் ரொட்டியும் தின்றுகொண்டு அதைத்தான் இருவரும் பேசாமல் பேசிக்கொண்டிருந்தார்கள், இத்தனை நாளும்.

வண்டி மேட்டில் நின்றது. வாரன் வீட்டு ஆட்கள் கிடக்கிற இடம், அவர் அப்பா, அம்மா, பிறந்த வருஷமே போன தங்கச்சி ஒருத்தி. சுற்றிலும் கம்பி வேலி, சின்னதாக ஒரு கேட்டு. "இந்தக் கேட்டு மட்டும் எப்பவுமே சாத்தித்தானுங்க இருக்கோணும், மாடு உள்ள போயி மிதிச்சுப் போடும்" என்று முதல் தடவை கூட்டிக்கொண்டு வந்தபோதே சொல்லியிருந்தார். நல்லதாகப் போயிற்று, இந்த ஒரு கேட்டில் இரண்டு ஊர் வழக்கமும் ஒன்றுதான் என்று அப்போது நினைத்தது ஞாபகம் வந்தது. இறங்கினார். திறந்தார். தரணியின் மேல் மண் இன்னும் அடங்காமல் குவியலாக இருந்தது, தலைமாட்டில் அவன் தொப்பி, பறக்காமல் இருக்கக் கல் வைத்திருக்கிறார்கள், கொழுக்கட்டைப் புல் ஓரத்தில் துளிர்த்திருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தண்ணி குடிச்சியா கண்ணு, என்றுதான் முதலில் வந்தது வாயில், என்ன கேள்வி இது, அந்தக் கன்று ஞாபகம் போலிருக்கிறது. உங்கம்மா கூட்டிக்கிட்டு வரச் சொன்னா. என்றா பண்றது சாமி, நீயே சொல்லு. நாங்கூட்டிக்கிட்டு வந்தா உங்கம்மா உன்னையப் பாத்துருவா. பாக்க வேண்டாமுங்ப்பா என்று அவனே சொன்ன மாதிரி இருந்தது, காற்றுதான், காற்று புல்லில் போனது. எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாரோ, முழங்கால் மரத்துப்போனது. மண்ணைத் தட்டிக் கொடுத்தார், தூங்குகிற பிள்ளையைத் தட்டுகிற மாதிரி, எழுந்தார், வேலிக்கு வெளியே வந்தார், கேட்டை இழுத்தார்.

இழுத்தார், வரவில்லை. கேட்டு வந்தது, கைதான் வரவில்லை. சங்கிலி இந்தக் கையில், கொக்கி அந்தக் கையில், ஒரு சாண் தூரம், பிறந்ததிலிருந்து படல் சாத்திப் பழகிய கை, மாடு மேய்த்த கை, அவனுக்குச் சாத்தச் சொல்லிக் கொடுத்த கை. உள்ளே இருப்பவன் மேல் சாத்தச் சொல்லுகிறீர்களா? வெளியே நின்றுகொண்டு? அவரால் முடியவில்லை. சங்கிலியை மெல்ல விட்டார், அது கம்பத்தில் பட்டுச் சத்தம் போட்டது. தப்பு என்று தெரியும். அடுத்த வீட்டுக்காரர் அப்பன் ஆத்தா படுத்திருக்கிற இடம், மாடு போய் மிதித்தால் யார் பதில் சொல்வது. திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வாரன் இந்தத் தடவை தேங்க்ஸ் சொல்லவில்லை. "இருக்கட்டுமுங்க" என்றார் நாச்சிமுத்து, தமிழில்தான் வந்தது. "அவன் இங்கயே இருக்கட்டும்." வாரன் தலையை ஆட்டினார். வண்டியைக் கிளப்பினார், கண்ணாடியில் பார்த்தார், நிறுத்தினார். பின்னால் கேட்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மன்னிச்சுக்கங்க என்று சொல்ல நாச்சிமுத்து வாயைத் திறப்பதற்குள் வாரன் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். ஓட்டுகிறவர் கேட்டுக்கென்று இறங்கி இவர் பார்த்ததில்லை. சாத்தத்தான் போகிறார், சாத்தட்டும், அவர் பெற்றவர்கள் கிடக்கிற இடம், அவர் சாத்துவதுதான் முறை. சங்கிலிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்பக்கத்தில் வாரன் எதையோ உருட்டித் தேடுவது கேட்டது. பார்க்க வேண்டாம் என்று நினைத்தும் பார்த்துவிட்டார். வாரன் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு போய், கேட்டை முழுக்கத் திறந்து, வேலியோடு சேர்த்து வைத்து, கம்பியைச் சுற்றி, குனிந்து, நறுக்கென்று முறுக்கிக் கட்டினார். அதே முறுக்கு. கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினார்.

"காத்துல அடிச்சுக்குமுங்க" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "அதான் கட்டிப் போட்டேன்."

நாச்சிமுத்துவுக்கு அதுவரைக்கும் வராத அழுகை வந்தது. கொட்டத்தில் போனோடு நின்றபோது வரவில்லை, அத்தனை பேர் கட்டிப்பிடித்து அழுதபோதும் வரவில்லை, இப்போது துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, ஏஞ்சாமி, ஏந்தங்கமே என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். வாரன் வண்டியை மெதுவாக ஓட்டினார், நேர் பாதையில் திருப்பினார், அதில் கேட்டு குறைவு. பிளேன் வரும், ஏறுவார், இறங்குவார், பஸ் பிடிப்பார், கடவில் போய் நிற்பார், துளசிமணி அவர் கையைப் பார்ப்பாள், வெறுங்கை. அப்போது என்ன சொல்லுவது என்று இத்தனை நாளும் தெரியாமல் இருந்தது. துளசீ, அந்தப் படலை இனி நான் சாத்த மாட்டேன். அங்கயும் தெறந்துதான் இருக்குது.